பாதி தர்மம்

பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தெருவில் போகிற நாய்க்கோ பூனைக்கோ போடுகிறோமே, அது தர்மமா? 'வாயில்லா ஜீவனுக்குச் சோறு போடுவதில் என்ன சார் பட்டிமன்றம்?' என்பீர்கள். குற்றாலத்தில் நின்று யோசித்தால் பட்டிமன்றத்துக்கு இடம் இருக்கிறது.

ஜூனில் சாரல் ஆரம்பித்தால் செப்டம்பர் வரை அங்கே ஜனமோ ஜனம். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே குரங்குக்கு ஒரு வாழைப்பழம், நாய்க்கு அரை புரோட்டா, ஓட்டல் வாசல் பூனைக்கு மீன் முள். எல்லோருக்கும் மனசு நிறைந்துவிடுகிறது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். அதுவும் முடிந்தால்? அருவி மெலிகிறது, கடைகள் மூடுகின்றன, நாம் ஊருக்குப் போய்விடுகிறோம். நாம் போட்ட தீனியை நம்பிப் பிறந்த குட்டிகள் எங்கே போகும்? பூனைக்குக் கர்ப்பம் சுமார் 9 வாரம்தான். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈத்து, ஈத்துக்கு நாலு குட்டி. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

'அப்படியானால் யாரும் எதுவும் போடக்கூடாது என்று தடை போட்டுவிட்டால் போச்சு' என்கிறார்கள். குரங்குக்கு அது சரி. தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் சொல்லும்போது முதலில் காட்டுவதே குரங்குகளைத்தான். அவர் பாட்டில் குரங்கு யாரிடமும் கை நீட்டாது. அது சிந்திய பழத்துக்கு வானுலகத்தார்தான் கெஞ்சுகிறார்கள். இன்று அதே மலையடிவாரத்தில் அது நம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்குகிறது. அதற்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. நாம் கையை மடக்கிக்கொள்வதே அதற்குச் செய்யும் உபகாரம்.

பூனைக்கும் நாய்க்கும் பின்னால் எந்தக் காடு இருக்கிறது? எலிக்காகவும் காவலுக்காகவும் நாமே பக்கத்தில் சேர்த்துக்கொண்ட ஜாதி அவை. போகச் சொன்னால் அடுத்த தெருவுக்குத்தான் போகும்.

கொன்றும் பார்த்தாயிற்று. சென்னை மாநகராட்சி பல காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. காலியான இடத்துக்கு வேறு நாய் வந்தது. குப்பைத்தொட்டி அப்படியே இருந்ததே! கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய 'புளூ கிராஸ்', 1964-லேயே கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறையை ஆரம்பித்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. 2001-ல் அதுவே நாடு முழுவதற்கும் விதியானது. தெருநாயின் காதில் சின்ன வெட்டு தெரிந்தால், ஆபரேஷன் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும் அல்லவா? வெறிநாய்க்கடி முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால், பிழைப்பது அபூர்வம். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நாய்க்கூட்டத்தைக் கடக்கிற அம்மாவிடம் போய் ஜீவகாருண்யம் பேச யாருக்கும் யோக்கியதை இல்லை. அதனால்தான் 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்துச் சொன்னது: கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடு (வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர), தெருவில் கண்ட இடத்தில் தீனி போடாதே, வார்டுக்கு ஒரு இடம் ஒதுக்கிப் போடு. நவம்பரில், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையங்களில் பிடித்த நாயை அங்கே திரும்ப விடக்கூடாது என்றும் உத்தரவிட்டது.

சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 1989-லிருந்து தடை. 2024 செப்டம்பரில் அதை நீக்கி, வீட்டுக்கு இரண்டு பூனை, ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ், மைக்ரோசிப் என்றார்கள். பூனைக்கு இன்னார் பொறுப்பு என்று எழுதி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. சோறு போடுவது பாதி தர்மம். தினம் பால் ஊற்றுகிற பூனையைக் கூடையில் வைத்து ஆபரேஷனுக்குத் தூக்கிப் போவது, தடுப்பூசிக்குக் காசு கொடுப்பது, சாப்பிட்ட இடத்தைக் கழுவிவிடுவது மீதிப் பாதி. அதில் புகைப்படம் எடுக்க ஒன்றும் இல்லை. கையில் நாலு பிறாண்டல் வேறு விழும்.

பிஸ்கட் பாக்கெட் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதற்கே புண்ணியம் முழுசாக வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர்கூடச் சிரிப்பார்.