பாழான ஜெப ஆலயத்தில் புல்லைப் பிடுங்கலாமா?

வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் வந்திறங்கி ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பிவிடும் நண்பர் குழுக்களுக்குப் போலந்தின் கிராக்கோவ் பிடித்தமான நகரம். வாவெல் கோட்டை, பழைய சந்தைத் திடல், வியெலிச்கா உப்புச் சுரங்கம் எல்லாம் பார்த்தபின் அவர்கள் தவறாமல் போகும் இடம் காசிமியேஷ். மூன்றாம் காசிமிர் மன்னர் 1335இல் தனி ஊராக நிறுவியது அது. பின்னாளில் யூதர்களின் பேட்டையாகப் பெயர் பெற்றது. 1939க்கு முன் கிராக்கோவில் ஏறக்குறைய 60,000 யூதர்கள் இருந்தார்கள், நகரத்தில் நால்வருக்கு ஒருவர். 1941 மார்ச்சில் நாஜிகள் நகரத்தில் எஞ்சியிருந்தவர்களை ஆற்றுக்கு அக்கரையில் ஓர் அடைப்புக்குள் தள்ளினார்கள். 1943 மார்ச்சில் அந்த அடைப்பையும் காலிசெய்தார்கள். பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், அவர்களுடைய ஜெப ஆலயங்களின் சுவர்கள் மட்டும் நின்றன. தொழுதவர்கள் போனபின் தொழுத இடத்தின் புனிதம் என்ன ஆகிறது? இரண்டு நாள் உல்லாசமாகச் சுற்ற வந்தவர்களுக்கு அந்த இடத்தில் ஏதேனும் கடமை உண்டா? இடத்தின் புனிதம் போகவில்லை, வருகிறவர்களுக்குக் கடமையும் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

யூத மரபு இந்தக் கேள்வியை வெகு காலத்துக்கு முன்பே எதிர்கொண்டது. இன்றைக்கு ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில், மெகில்லா என்ற பகுதியில், பாழடைந்த ஜெப ஆலயத்தைப் பற்றி ரபி யூதாவின் தீர்ப்பு இருக்கிறது. அங்கே கயிறு திரிக்கக் கூடாது, வலை விரிக்கக் கூடாது, கூரையில் பழம் காயவைக்கக் கூடாது, குறுக்கு வழியாக அதற்குள் நடக்கக் கூடாது. லேவியராகமம் என்ற வேத நூலில் கடவுள் இவ்விடங்களைப் பாழாக்குவதாகச் சொல்லும்போதும் பரிசுத்த ஸ்தலங்கள் என்றே அவற்றை அழைக்கிறார். ஆகவே பாழான பின்னும் பரிசுத்தம் தொடர்கிறது என்பது ரபி யூதா கண்ட பொருள். கடைசி விதிதான் என்னை நிறுத்திவைக்கிறது. உள்ளே புல் முளைத்தால் பிடுங்காதே, பார்ப்பவர் மனம் நோகட்டும் என்கிறது அது. இடிந்ததை இடிந்ததாகவே காட்ட வேண்டும் என்ற இந்த எண்ணம் காசிமியேஷின் ரெமு கல்லறைத் தோட்டத்தில் கண்ணெதிரே நிற்கிறது. உடைந்த கல்லறைக் கற்களின் துண்டுகளைப் பதித்து அங்கே ஒரு சுவரையே எழுப்பியிருக்கிறார்கள். ஒரு துண்டில் பாதிப் பெயர், இன்னொன்றில் ஓர் எழுத்து. ஒட்டவைத்து முழுக் கல்லாக்கும் முயற்சி அதில் இல்லை.

புனிதம் கல்லில் இல்லை, கூடும் மனிதரிடம் இருக்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். அதற்கும் யூதச் சட்டத்திலேயே ஆதாரம் உண்டு. மரபுவழிப்படி வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் பொது ஜெபம் நடக்கும். பத்துப் பேர் எங்கே கூடினாலும் நடக்கும். அதே மெகில்லா, ஊரார் தங்கள் ஜெப ஆலயத்தை விற்கவும் அனுமதிக்கிறது. விற்ற பணத்தில் அதைவிடப் புனிதமான ஒன்றை, வேதச் சுருள் வைக்கும் பேழையைப் போல, வாங்க வேண்டும். ஆக, புனிதம் கட்டடத்தோடு பிறந்து கட்டடத்தோடு சாவதில்லை. ஊராரின் முடிவால் இடம் மாறக் கூடியது. இந்த வாதத்தை நான் முழுக்க ஏற்கிறேன். ஆனால் அது என் பக்கமே சாய்கிறது. புனிதத்தை வேறிடத்துக்கு மாற்ற ஊரார் கூடி முடிவெடுக்க வேண்டும். காசிமியேஷின் ஊரார் எதையும் விற்கவில்லை, விட்டுக் கொடுக்கவும் இல்லை. நாஜிகள் அவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். கொலைகாரர்கள் காலிசெய்த இடத்தைக் கைவிட்ட இடம் என்று எண்ணினால், அவர்கள் செய்ததை நாமே ஒப்புக்கொண்டது போலாகும்.

யூதர் அல்லாத பயணியை யூதச் சட்டம் எப்படிக் கட்டும் என்றும் கேட்பார்கள். கட்டாதுதான். ஆனால் ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் விடுவதற்கு நாம் அந்த வீட்டாரின் சாதியையோ மதத்தையோ சேர்ந்திருக்க வேண்டியதில்லை. வீட்டார் என்ன விரும்பினார்கள் என்று தெரிந்தால் போதும்.

இன்னும் கனமான மறுப்பு வேறு. பயணிகள் வராவிட்டால் இந்த ஜெப ஆலயங்கள் என்றோ இடிந்திருக்கும். போருக்குப் பின் காசிமியேஷ் பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1988இல் தொடங்கிய யூதப் பண்பாட்டு விழாவும், 1993இல் வெளிவந்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படமும்தான் உலகத்தின் கண்ணை இங்கே திருப்பின. இது உண்மை. இன்று கிராக்கோவில் வாழும் சிறு யூத சமூகம் தன் பேட்டை வெறும் சுடுகாடாகப் பார்க்கப்படுவதை விரும்பாது என்பதையும் மறுக்க முடியாது. அதனால்தான் என் வாதத்துக்கு ஓர் எல்லை வைக்கிறேன். நொவி திடலின் நடுவில் இருக்கும் வட்டக் கட்டடம் ஒரு காலத்தில் யூத முறைப்படி கோழி அறுக்கும் இடம். இப்போது அதன் ஜன்னல்களில் காளானும் பாலாடைக்கட்டியும் பரப்பிச் சுட்ட நீள ரொட்டி விற்கிறார்கள். நண்பர்கள் அங்கே நின்று சாப்பிட்டுச் சிரிப்பதில் ஒரு குற்றமும் இல்லை. தெரு தெருவாகவே இருக்கட்டும். ஜெப ஆலயத்தின் வாசற்படி தாண்டியதும் கணக்கு வேறு.

ரெமு ஆலயம் சனிக்கிழமை பார்வையாளருக்குத் திறக்காது. இரண்டு நாள் பயணத்தில் ஒரு முழு நாள் இப்படிப் போவது சிலருக்கு எரிச்சல். ஆனால் அவர்கள் விமானம் தரையிறங்கும் வெள்ளி மாலையில்தான் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குகிறது. அந்தக் கதவு மூடியிருப்பது, உள்ளே இன்னும் யாரோ ஜெபிக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், ரெமு என்று அழைக்கப்பட்டு 1572இல் மறைந்த ரபி மோசே இசர்லெஸின் கல்லறையில் இன்றும் சிறு கற்களும் வேண்டுதல் சீட்டுகளும் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்தபின் என்ன செய்வது? படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வெளியேறுவது குறுக்கு வழியாக நடப்பதற்குச் சமம்தானே என்று கேட்டால், மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூதில் இதற்கு நெருக்கமான ஒரு சங்கதி உண்டு. உள்ளே இருக்கும் ஒருவரைக் கூப்பிடுவதற்காக மட்டும் ஜெப ஆலயத்துக்குள் போக நேர்ந்தவன் என்ன செய்ய வேண்டும்? கற்றவனானால் ஒரு சட்டத்தைச் சொல்லட்டும். வேதம் படிக்கத் தெரிந்தவன் ஒரு வசனம் படிக்கட்டும். அதுவும் தெரியாதவன் அங்கே இருக்கும் சிறுவனிடம் அவன் படித்த வசனத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கட்டும். அல்லது சற்று நேரம் தங்கியிருந்துவிட்டு எழுந்து போகட்டும். ரெமுவின் நடுவில், இரும்புக் கம்பி வேலைப்பாடு சூழ்ந்த வாசிப்பு மேடைக்கு அருகே, அப்படி உட்கார இடம் இருக்கிறது.