சுக்லால் அளித்த நிலம்

நோயும் வறுமையும் வந்தால் ஊரார் பரிவுடன் நெருங்குகின்றனர். பழி வந்தால் விலகிச் செல்கின்றனர். செய்யாத குற்றத்திற்குத் தண்டனை பெற்றவரின் துன்பம் இதனாலேயே இருமடங்காகிறது. மேல் நீதிமன்றம் விடுதலை அளித்த பிறகும், விலகிச் சென்றவர்கள் எளிதில் திரும்பி வருவதில்லை. அத்தகைய ஒருவருக்கு எங்கிருந்து ஆதரவு கிடைக்கும்? பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் தந்தையாருடைய வாழ்க்கை இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது.

உண்மைக்குக் கிடைத்த தண்டனை

வங்காளத்தில் தேரே என்ற கிராமத்தில் வாழ்ந்தவர் க்ஷுதிராம் சட்டோபாத்யாயர். ஏறத்தாழ 150 பிகா நிலமும் சொந்த வீடும் அவருக்கு இருந்தன. அவ்வூர் ஜமீன்தாரான ராமானந்த ராய், ஒருவர்மீது பொய் வழக்குத் தொடுத்துத் தமக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லும்படி க்ஷுதிராமை வற்புறுத்தினார். சத்தியத்தையே விரதமாகக் கொண்ட க்ஷுதிராம் மறுத்துவிட்டார். சினம் கொண்ட ஜமீன்தார் அவர்மீதே பொய் வழக்குத் தொடுத்து வென்றார். பூர்வீகச் சொத்து முழுவதும் ஏலத்தில் போயிற்று. 1814-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 40 வயதில், மனைவி சந்திரமணி தேவியையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அவர் பிறந்த ஊரைவிட்டு வெளியேறினார்.

காமார்புகூரில் வாழ்ந்த நண்பர் சுக்லால் கோஸ்வாமி இதனை அறிந்து அவரைத் தம் ஊருக்கு அழைத்தார். தம் வீட்டை ஒட்டிய சில குடிசைகளையும், லட்சுமிஜலா என்ற இடத்தில் ஒரு பிகாவுக்குச் சற்று அதிகமான நெல்வயலையும் அவருக்கு நிரந்தரமாக அளித்தார். தீர்ப்பு க்ஷுதிராமுக்கு எதிராக இருந்தது. சுக்லாலோ நண்பரின் வாழ்க்கையையே சான்றாகக் கொண்டார். 'நீர் பொய்யர் அல்லர்' என்பதை அவர் சொல்லால் மட்டும் உணர்த்தவில்லை. உழுது உண்ண நிலமும் கொடுத்து உணர்த்தினார்.

நம் காலத்தில்

இதனைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆந்திரத்தில் விஜயவாடாவுக்கு அருகே 2007-இல் ஒரு மாணவி கொலையுண்டார். மறு ஆண்டு, ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் கைது செய்யப்பட்டார். 2010-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017 மார்ச் 31-ஆம் நாள் ஹைதராபாத் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்து, அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. எட்டு ஆண்டுகளுக்கும் மேலான இளமை சிறையில் கழிந்துவிட்டது. இந்த வழக்கில் நினைவில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மகளைப் பறிகொடுத்த பெற்றோரே, இந்த இளைஞர் குற்றவாளி அல்லர் என்று தொடர்ந்து கூறி வந்தனர். ஆறாத துயரத்தின் நடுவிலும், யாரோ ஒருவர் தண்டிக்கப்பட்டால் போதும் என்று அவர்கள் எண்ணவில்லை. தர்மம் என்பது இதுவே.

இந்தியச் சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் அளித்த தனது 277-ஆவது அறிக்கையில், தவறான வழக்குகளால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டுத் தொகையுடன் மனநல உதவியும் தொழிற்பயிற்சியும் வழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கான தனிச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. சட்டம் வரும்வரை சமுதாயம் கைகட்டி நிற்கலாகாது. சட்டம் வந்தாலும், ஊரார் நெஞ்சில் இடம் பெற்றுத் தர அதனால் இயலாது.

கர்மக் கொள்கையின் தவறான பயன்

'அவன் முன்வினை, அனுபவிக்கிறான்' என்று சொல்லிவிட்டு நகர்வோர் உண்டு. கர்மக் கொள்கை மனிதன் தன் துன்பத்தைத் தைரியத்துடன் ஏற்று மேலே எழுவதற்காக அமைந்தது. பிறர் துன்பத்தைக் கண்டு வாளாவிருப்பதற்கு அதனைச் சாக்காக்குவது சாஸ்திரத்தைத் திரிப்பதாகும். ஆத்மா கறைபடாதது என்ற உண்மையும் அத்தகையதே. அதனைச் சிறையில் இருப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும்போது அது வலிமை தருகிறது. வயிறு காய்ந்து வாசலில் நிற்பவரிடம் நாம் அதைச் சொன்னால் அது வெறும் வார்த்தை. தனக்கு வேதாந்தம், பிறர்க்குச் சேவை. இந்த வரிசை மாறக்கூடாது.

பாதிக்கப்பட்டவரின் சாதனைக்கும் க்ஷுதிராமே வழிகாட்டி. அவர் பகையை வளர்த்துக் காலத்தைக் கழிக்கவில்லை. ரகுவீரரின் வழிபாட்டில் மனத்தை நிறுத்தினார். நடவுக் காலத்தில் ரகுவீரரின் பெயரைச் சொல்லி முதல் சில நாற்றுகளைத் தம் கையால் நட்ட பிறகே மற்றவற்றை நடும்படி உழவர்களிடம் சொல்வார். இழந்த 150 பிகாவை எண்ணி ஏங்கும் மனத்தைக் கையிலுள்ள நாற்றுக்குத் திருப்புவது எளிதன்று, அதுவே யோகம். நியாயம் கேட்டு மேல்முறையீடு செய்வதற்கு இந்த மனநிலை தடையாகாது. பகையின்றிப் போராடுபவரே நெடுநாள் போராட முடியும்.

நம் கடமை

சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூரை எடுத்துக்கொள்வோம். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அத்தகைய ஊரில், சிறையிலிருந்து ஒருவர் திரும்பிய செய்தி மாலைக்குள் எல்லாத் தெருக்களையும் எட்டிவிடும். அதே மனிதர் மறுநாள் அலிபிரிப் படிகளில் திருமலைக்கு ஏறினால், உடன் ஏறுபவர்கள் அவரது வழக்கைப் பற்றிக் கேட்பதில்லை; 'கோவிந்தா' என்று அழைத்தால் அவரும் 'கோவிந்தா' என்கிறார். மலைப்படியில் கிடைக்கும் அந்தச் சமத்துவம் ஊர்த் தெருவிலும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

அதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. மீண்டும் கூலிவேலைக்கு அழைக்கலாம். அவர் குழந்தையைப் பள்ளியில் பிறர் ஏளனம் செய்யாதபடி காக்கலாம். திருவிழாவில் முன்போலவே ஒரு பணியை ஒப்படைக்கலாம். மேல்முறையீட்டுக்கு வழியறியாதவரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லலாம். சிறைக்காவலில் இருப்போருக்கும் பட்டியல் இனத்தோருக்கும் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100.

தேரே கிராமத்தில் நீதி தோற்றது. காமார்புகூரில் ஒரு நண்பர் தம் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார். 1836 பிப்ரவரி 18 அன்று ஸ்ரீராமகிருஷ்ணர் அவதரித்தது அந்த இடத்தில்தான். தாம் யாருக்கு இடம் கொடுக்கிறோம் என்று சுக்லால் அன்று அறிந்திருக்கவில்லை. ஒரு நல்லவருக்கு நிற்க இடமில்லை என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்திருந்தது; அவர் கொடுப்பதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.