சொல்லுக்கு வேலி இடுவது யார்?

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. அவ்வேங்கடத்தின் அடிவாரத்திலும் அதன் அண்மையிலும் வாழ்கின்றவர்கள் நாம். இங்கே எல்லை என்பது வெறுங்கோடு அன்று. இரு மொழிகள் கலந்து பழகும் இடம். சித்தூர்ச் சந்தையில் மாங்காய்க்கு விலை பேசுவோர் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பதை நாள்தோறும் கேட்கிறோம். திருமலையில் மார்கழித் திங்களில் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஒலிக்கிறது. அன்னமாசாரியரின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுக் காக்கப்பட்டதும் அம்மலையிலேதான். கோயிலில் இவ்வாறு இணைந்து நிற்கும் இரு மொழியினர், வீதிக்கு வந்ததும் ஒருவரையொருவர் பழித்துக்கொள்ளும் காட்சியையும் நாம் காண்கிறோம்.

வேலூர்ப் பக்கமிருந்து தொழிலின் பொருட்டுக் குடிவந்த அன்பர் ஒருவர் இல்லத்தில் ஒரு மாலை அமர்ந்திருந்தோம். பள்ளியிலிருந்து திரும்பிய அவர் மகன், புத்தகப் பையைக் கூட இறக்கி வைக்காமல், "அப்பா, என்னை 'அரவவாடு'ன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. தந்தை சினந்து, "அந்தக் கொல்டிப் பசங்க அப்படித்தான் பேசுவானுங்க, விடுடா" என்றார். பையன் சிரித்துவிட்டான். அவ்வேளையில் அண்டை வீட்டுத் தெலுங்கு அம்மையார், இரவல் பெற்ற பாத்திரத்தைத் திருப்பித் தருவதற்காக வாயிலில் வந்து நின்றிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிச் சென்றார். நாம் அனைவரும் தலைகுனிந்தோம்.

இத்தகைய சொற்களைப் பொதுவிடத்தில் கூறுவதைச் சட்டம் தடை செய்தல் வேண்டுமா? அன்றி, பேச்சுரிமை என்று விட்டுவிடுதல் வேண்டுமா? இவ்வினாவைச் சினம் தணிந்த நிலையில் எண்ணிப் பார்த்தல் நம் கடன்.

நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையை வழங்குகிறது. பொது ஒழுங்கு, நாகரிகம், ஒழுக்கம், அவதூறு, குற்றத்திற்குத் தூண்டுதல் முதலிய காரணங்களுக்காக அவ்வுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் அதே பிரிவு இடந்தருகிறது. ஒருவர் மனம் புண்பட்டது என்பது மட்டும் அக்காரணங்களுள் ஒன்றாக இல்லை. இது குறையன்று. மனம் புண்பட்டது என்ற முறையீடு ஒன்றே போதுமானால், ஆட்சியாளரைக் குறைகூறும் எளியவன் வாயைத்தான் முதலில் அடைப்பார்கள். அமெரிக்காவில் ஆசிய வழியினரான இசைக்குழுவினர் சிலர், தம் இனத்தாரின் கண்ணைப் பழிக்கும் வசைச்சொல்லையே தம் குழுவின் பெயராகக் கொண்டு, அதனை வணிகக்குறியாகப் பதிய விரும்பினர். இழிவுரை என்று கூறி அலுவலகம் மறுத்தது. அம்மறுப்புக்கு அடிப்படையான விதி பேச்சுரிமைக்கு முரணானது என்று 2017இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வசைக்கு ஆளானவர் அவ்வசையையே கையிலெடுத்து மழுங்கடிக்க முயலும்போது, தடை அவருக்கே தளையாகிவிடக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

எனினும், எல்லா வசையும் ஒரு நிறையுடையன அல்ல. சித்தூர் சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்த காலத்தில், 1922இல், எம். சி. ராஜா சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை அரசு ஆவணங்களினின்று நீக்கி, தமிழ் மக்களுக்கு ஆதி திராவிடர் என்றும் தெலுங்கு மக்களுக்கு ஆதி ஆந்திரர் என்றும் வழங்குதல் வேண்டும் என்பது அத்தீர்மானம். பெயர் மாறியது, வசை மாறவில்லை. ஆகவேதான் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிறர் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பதைக் குற்றமாக்கிற்று. 2015ஆம் ஆண்டுத் திருத்தம், சாதிப்பெயர் சொல்லி வைவதைத் தனிக் குற்றமாகவே குறித்தது. தமிழகத்திலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், 2011இல், உச்சநீதிமன்றம் சாதிப்பெயரால் இழித்துரைப்பதைக் கடிந்தது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையையும் அதே தீர்ப்பில் கண்டித்தது.

சொல்லும் குவளையும் ஒரே தீர்ப்பில் இடம்பெற்றது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அச்சொல்லின் பின்னே மறுக்கப்பட்ட கிணறு நிற்கிறது. அடைக்கப்பட்ட தெரு நிற்கிறது. கேட்பவன் மறுமொழி கூறினால் அடி விழும் என்னும் அச்சமும் நிற்கிறது. மறுமொழி கூறும் உரிமையையே பறிக்கும் சொல்லைப் பேச்சுரிமையின் பெயரால் காத்தல் எங்ஙனம் பொருந்தும்? அங்கே சட்டம் வேலியிடுவது அறமே.

'அரவம்', 'கொல்டி' என்பன அத்தகையன அல்ல. 'அரவம்' என்பது தமிழைக் குறிக்கத் தெலுங்கில் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர். சொல்லும் குரலே அதனை வசையாக்குகிறது. மேலும், இவ்வசைகளுக்கு இருபாலாரும் மறுமொழி கூறவல்லவர். நம் அன்பர் உடனே கூறிவிட்டாரே! மொழியின் பெயரால் மக்களிடையே பகை மூட்டுவோரைத் தண்டிக்கப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு இருக்கிறது. பள்ளிச் சிறுவரின் ஏளனத்திற்கும் காவலரை அழைப்போமானால், நம் வீட்டுக் கூடத்திற்கும் அவர் வரத்தானே வேண்டும்?

ஈண்டு நம் மனத்தை உறுத்தும் மற்றொரு செய்தியும் உண்டு. மலேசியாவில் அப்துல்லா உசேன் எழுதிய 'இன்டர்லோக்' என்னும் மலாய் நாவல் 2011இல் பள்ளிப் பாடநூலாயிற்று. இந்தியாவிலிருந்து குடியேறியோரைத் தாழ்ந்த சாதிப்பெயரால் அது சுட்டுகிறது என்று அங்குள்ள தமிழர் பலர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டின் இறுதியில் நூல் பள்ளிகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. நூலை விலக்கியது தகுமா, ஆசிரியர் துணைகொண்டு விளக்கிப் படிப்பித்திருக்கலாமா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் அச்சொல் எங்கிருந்து கடல் கடந்தது? ஒரு சமூகத்தின் பெயரை வசையாக்கியது தமிழ்ச் சமுதாயமே. ஆங்கில அகராதியிலும் அது ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் சொல்லாக ஏறிவிட்டது. அயலார் நம் அனைவர்மீதும் அதனை வீசியபோது வந்த சினம், நம் ஊர்ச் சேரி மக்கள்மீது நம்மவரே வீசியபோது ஏன் வரவில்லை? இதற்கு விடை கூறாமல், பிறர் நாவை மட்டும் அடக்கக் கோரும் உரிமை நமக்கு உண்டா?

சட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் கூறப்பட்ட வசை, பொதுமக்கள் பார்வையில் கூறப்பட்டதாகாது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில், 2020இல், உச்சநீதிமன்றம் உரைத்தது. சட்டம் வாயிற்படியோடு நின்றுவிடுகிறது. ஆனால் வசைகளைக் குழந்தைகள் கற்பது வாயிற்படிக்கு உள்ளேதான். வள்ளுவர் நாவைக் காக்கும் அறத்தைப் பொருட்பாலின் அரசியலில் வையாது, அறத்துப்பாலின் இல்லறவியலில், அடக்கமுடைமையில் வைத்தார். அரசனது கோல் நுழையாத இடத்தில் இல்லறத்தானே காவல் நிற்றல் வேண்டும் என்று அவ்வைப்பு முறைக்கு நாம் பொருள் கொள்ளலாம்.

மறுநாள் மாலை நம் அன்பர் தம் மகனை அழைத்துக்கொண்டு அண்டை வீட்டிற்குச் சென்றார். அங்கே தமக்குத் தெரிந்த தெலுங்கில் மன்னிப்புக் கேட்டதாகப் பின்னர்க் கூறினார். அம்மையார் அதற்கு மறுமொழி ஏதும் சொல்லாமல், பையனை உட்காரச் சொல்லி உண்ணக் கொடுத்தாராம். பள்ளியில் அந்த ஏளனம் இன்னும் ஓயவில்லை. ஆயினும், 'அப்படிச் சொல்வது தவறு' என்று தன் தோழர்களிடம் கூசாமல் கூறும் தகுதி இன்று அச்சிறுவனுக்கு உண்டு. அத்தகுதியை நம் பிள்ளைகளுக்கு ஈட்டித் தருதல், அயல்மொழி நிலத்தில் தமிழ் வளர்க்கும் நம் தலையாய கடமைகளுள் ஒன்றாகும்.