எழுத்தாளனுக்கு வயிறு உண்டா?

கலைமகளும் திருமகளும் ஓரிடத்தில் வாழமாட்டார்களாம்! மாமியும் மருமகளுமாம் அவர்கள். ஒருத்தி குடிபுகுந்த வீட்டில் மற்றொருத்தி கால் வைக்க மாட்டாளாம். பாட்டி சொன்னாள், புராணிகர் சொன்னார், பாடம் நடத்திய ஆசிரியரும் சொன்னார். புராணம் பொய் என்று புறந்தள்ளிவிட்ட நம் இளைஞர்களிற் பலர்கூட இந்த ஒரு கதையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றனர். எழுதுபவனுக்குக் கூலி தர வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், "எழுத்து என்ன வணிகமா? அது தொண்டல்லவா?" என்று சீறுகின்றனர். பூசாரி சொன்னால் மூடநம்பிக்கை. நாம் சொன்னால் கொள்கையா?

உழைப்பவனுக்கு ஊதியம் உரிமை என்கிறோம். அறிவு அனைவர்க்கும் பொது என்கிறோம். இரண்டும் நம் வாயிலிருந்து வருபவையே. ஒரு நாவலாசிரியன் வீட்டு வாசலில் இவை இரண்டும் மோதிக்கொள்கின்றன. அப்போது எங்கே நிற்பது என்பதுதான் நாம் எடுத்துக்கொண்ட வினா.

இதனை இலக்கிய மேடையில் நின்று கேட்பதைவிடக் கும்மிடிப்பூண்டி இரயிலில் நின்றுகொண்டு கேட்பது நலம். திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நிறுத்தி நிறுத்திச் செல்லும் அந்த வண்டி, விடியலுக்கு முன்னே ஒரு கூட்டத்தைக் கொண்டுபோய்ச் சிப்காட் வாயிலில் சேர்க்கிறது. இரவுப்பணி முடித்த மற்றொரு கூட்டத்தைத் தூங்கத் தூங்கத் திருப்பிக் கொணர்கிறது. இரும்பை உருக்கும் உலைகள், கம்பி இழுக்கும் ஆலைகள், நெடுஞ்சாலை ஓரம் நீண்டு கிடக்கும் சரக்குக் கிடங்குகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவன் அங்கே தமிழனோடு தோள் உரசி நிற்கிறான். ஈழத்தில் வீடிழந்து வந்தோர் ஆண்டு பலவாய் வாழும் முகாமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு நாவலுக்கு இதைவிட வளமான மண் எங்கே கிடைக்கும்?

அந்த மண்ணிலே ஓர் இளைஞன் நாவல் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத் தொழிலாளி. உலைக்களத்தின் அனல் அவனுக்குக் கற்பனையன்று. கங்காணி போய் காண்ட்ராக்டர் வந்த கதையை அவன் நூலகத்தில் தேடத் தேவையில்லை. எல்லாம் இருக்கிறது அவனிடம், ஒன்றைத் தவிர. நேரம்!

நேரம் என்பது வானத்திலிருந்து விழுவதன்று. சட்டத்திலிருந்தும் சங்கத்திலிருந்தும் கிடைப்பது. 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்திலே நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன, மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கூலிக் கணக்காகவே அதனைப் பலரும் பார்த்தனர். நாமோ, எழுதப்படாத நாவல்களின் கணக்காகவும் பார்க்கிறோம். சலவைச் சாலையில் உழைத்துச் சலித்தவன் இரவில் புத்தகத்தைத் திறந்ததும் உறங்கிவிழும் கொடுமையை, தானும் அவ்வாறு உழைத்த ஜாக் லண்டன் 1909-இல் வெளிவந்த 'மார்ட்டின் ஈடன்' நாவலிலே தீட்டிக்காட்டினார். அமெரிக்கச் சலவைச் சாலைக்கும் கும்மிடிப்பூண்டி உலைக்களத்துக்கும் கடல் பல இடையே கிடக்கலாம். உறக்கம் ஒன்றுதான்.

சரி, உறக்கத்தை வென்று எழுதிவிட்டான். முந்நூறு பக்கம், மூன்றாண்டு உழைப்பு. தூக்கிக்கொண்டு சென்னைக்கு வருகிறான். அங்கே என்ன காண்கிறான்?

எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்திலே, ஒரு நூலுக்கு ஆயிரம் படியாவது அடித்தால்தான் கட்டும். முதல் போடுபவன் பதிப்பாளன். முழுகினால் முழுகுபவனும் அவனே. ஆகவே ஆயிரம் முறை எண்ணிப் பார்த்தான், பலரை வாசலோடு அனுப்பினான், கஞ்சனென்று பேரெடுத்தான். ஆனால், ஏற்றுக்கொண்டால் துணிந்து ஏற்றுக்கொண்டான். நூலக ஆணை வந்த ஆண்டில் பிழைத்தான். வராத ஆண்டில் வாடினான். பின்னர் ஆப்செட் வந்தது, கணிப்பொறி வந்தது, இன்று வேண்டும்போது வேண்டிய படி மட்டும் அடித்துத் தரும் இயந்திரமும் வந்துவிட்டது. ஐம்பது படி போதுமா? ஐம்பது! 2016 இறுதியில் அமேசானின் கிண்டில் தமிழ் நூல்களுக்கும் கதவைத் திறந்தது. தாளும் மையும் இன்றியே நூல் வெளியிடலாம் என்றாயிற்று.

நல்லது என்போம் நாம். கதவைக் காத்துநின்ற காவற்காரர் குறைந்தனர். யாரும் எழுதலாம், யாரும் வெளியிடலாம். இயந்திரத்தைக் கண்டு அஞ்சுபவர் அல்லர் நாம். ஆனால், இயந்திரம் மாறியபோது ஓசையின்றி வேறொன்றும் மாறிற்று. முழுகும் அச்சம் பதிப்பாளன் தோளிலிருந்து எழுத்தாளன் தோளுக்கு இறங்கிவிட்டது! "நூல் அருமை, இத்தனை ஆயிரம் கொடுங்கள், அச்சிட்டுத் தருகிறோம்" என்று கூறுவோர் பெருகினர். முன்பு திறமை இருக்கிறதா என்று கேட்டனர். இப்போது பணம் இருக்கிறதா என்கின்றனர். தம் பெயரை அட்டையிற் காணும் ஆவலில் கடன் வாங்கிக் கொடுப்பவன் எத்தனை பேர்! பணம் கட்டி எழுத்தாளன் ஆகலாமென்றால், நாளை நாவல் எழுதப் போகிறவன் யார்? உலைக்களத்தில் நிற்பவனா, உலைக்களத்துக்கு உரியவனா?

பணம் கேளாத நல்ல பதிப்பாளனே கிடைத்தான் என்று கொள்வோம். நூலின் விலை 300 ரூபாய். ஆசிரியன் பங்கு வழக்கம்போல் நூற்றுக்குப் பத்து. விற்றவை 300 படி. பெருக்கிப் பாருங்கள்: 9,000 ரூபாய். மூன்றாண்டு உழைப்புக்கு! உலையருகில் நின்றால் சில வாரங்களில் கிடைக்கும் தொகை. அதையும் "தொண்டு" என்ற சொல்லால் துடைத்தெடுக்கப் பார்ப்பது எந்த அறத்தில் சேரும்?

இந்த வழக்கம் எங்கே வேர் விட்டது என்றும் எண்ணிப் பார்க்கிறோம். தமிழின் முதல் நாவலெனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' தந்த அ. மாதவையா, உப்புத்துறை அதிகாரி. இருவரும் பெரியோர், சமூகச் சீர்கேட்டைச் சாடியோர், குறை சொல்ல வரவில்லை நாம். ஆனால், தமிழ் நாவலின் தொட்டிலை ஆட்டிய கைகளுக்கு மாதச் சம்பளம் வேறோரிடத்திலிருந்து வந்தது. நாவல் சோறு போட வேண்டிய தேவை அன்று எழவில்லை, எழாததால் கேட்கவுமில்லை, கேளாததே மரபாகிவிட்டது. முன்சீபுக்குப் பொருந்திய மரபை முறைப்பணித் தொழிலாளியின் தலையிலும் கட்டுகிறோம்!

எழுத்தையே நம்பி வாழத் துணிந்தவரின் கதி வேறு. 1920-இல், தம் எழுத்தையெல்லாம் நாற்பது நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படி, ஆக நான்கு லட்சம் படி அச்சிடத் திட்டமிட்டார் பாரதியார். கடன் தாருங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று அன்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்போல வீடுதோறும் அவை விலைபோகும் என்று நம்பினார் அந்த மனிதர். பணம் வரவில்லை. மறு ஆண்டு அவரே இல்லை. கும்மிடிப்பூண்டி வண்டி செல்லும் வழியிலே விம்கோ நகர் என்றொரு நிலையம் உண்டு. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் அது. தீப்பெட்டி விற்றது, ஓர் ஊருக்குப் பெயராகவும் நின்றது!

இனி, நம் வீட்டுக்குள் வருவோம். புதிய நாவல் வந்த சில நாட்களிலே, அதனை மின்படியாக்கிக் கைப்பேசிக் குழுக்களில் சுற்றுக்கு விடுகின்றனர். விடுபவர் திருடரா? பெரும்பாலும் அல்லர். படிக்கும் ஆர்வமுள்ளோர்; நம் தோழர்கள்! "அறிவுக்கு வேலி போடலாமா? ஏழை எப்படி வாங்குவான்?" என்று கேட்கின்றனர். கேள்வியில் நேர்மை உண்டு, ஏளனம் செய்யமாட்டோம். ஆனால், விடையைப் பாருங்கள். ஏழை வாசகனுக்காக ஏழை எழுத்தாளனிடமிருந்து எடுக்கிறோம்! காகித ஆலை முதலாளியிடம், "அறிவுக்காக ஒரு கட்டுத் தாள் இலவசமாய்க் கொடு" என்று எவரேனும் கேட்டதுண்டா? அச்சகத்தான் கூலி வாங்குகிறான்; பைண்டர் வாங்குகிறான்; கைப்பேசிக் கம்பெனி மாதந்தோறும் தவறாமல் வாங்குகிறது. இந்த வரிசையில் தியாகம் செய்யவேண்டியவன் ஒருவன் மட்டுமா?

சார்லஸ் டிக்கன்ஸ் 1842-இல் அமெரிக்கா சென்றபோது மாலையும் விருந்துமாய் வரவேற்றனர். அவர் நூல்களை அவருக்குக் காசு கொடாமலே அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்த நாடு அது. "எழுதியவனுக்கு உரிமை வேண்டாமா?" என்று அவர் வாய் திறந்ததும், விருந்து வைத்த நாட்டின் ஏடுகளே அவரைப் பேராசைக்காரர் என்று ஏசின. மாலைக்குத் தயங்காத கை காசுக்குத் தயங்கிற்று. நம் பொன்னாடைகளும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே.

அப்படியானால் ஏழை படிக்க வேண்டாமா? வேண்டும்! அதற்கு நேர்மையான வழியைத் தமிழ்நாடு முன்னமே கண்டிருக்கிறது. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றிற்று. சொத்து வரியோடு நூலக வரியும் தண்டி, அந்தப் பணத்தில் நூல் வாங்கி வைக்க வழி பிறந்தது. படிப்பவனுக்கு இலவசம்; எழுதியவனுக்கு விலை. 1949-இல் அதே அரசு, பாரதியாரின் குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்து அவர் படைப்புரிமையை வாங்கிற்று. பின்னர் அது மக்களுக்குப் பொதுவாயிற்று. அதன் வழியே எழுத்தாளர் பலரின் நூல்கள் நாட்டுடைமையாகியுள்ளன. பொதுவுடைமையாக்கினர், பறித்து அன்று, கொடுத்து! 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், பழந்தமிழ் நூல்களைக் கூலியின்றி உள்ளிட்டு உலகுக்கு அளிக்கின்றனர். கூலி வேண்டாமென்று சொன்னவர் தம் கூலியைத்தான் விட்டனர். பிறன் கூலியை அன்று. தொண்டு என்ற சொல் அங்கே பொருந்துகிறது.

தொழிலாளி எழுதினால் தரம் தாழும் என்று முணுமுணுப்போர்க்கு ஒரு செய்தி. கல்கத்தாவில் ரிக்சா இழுத்தவர் மனோரஞ்சன் பியாபாரி, சிறையிலே எழுத்தறிந்தவர். தம் ரிக்சாவில் ஏறிய அம்மையாரிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். அவர் மகாசுவேதா தேவி. 1981-இல் அந்த அம்மையார் தம் ஏட்டிலே பியாபாரியின் எழுத்தை வெளியிட்டார். இன்று வங்க இலக்கியத்தில் அவருக்கென ஓர் இடம் இருக்கிறது. எனினும், அதன் பிறகும் நெடுங்காலம் ஒரு பள்ளியில் சமையல் வேலை செய்தே அவர் வயிறு வளர்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திறமையைக் கண்டெடுக்க ஒரு பெருந்தகை போதும். அடுப்பெரிய அது போதவில்லை.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியதில், அச்சுக்கு முதலில்லாத தமிழ்ப் புலவர்கள் 'கையொப்பம்' சேர்த்தனர். நூல் வெளிவருமுன்பே, "ஒரு படி எனக்கு" என்று பெயரெழுதி உறுதி தருவோர் கையொப்பக்காரர். 1887-இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவ்வாறு பலரிடம் கையொப்பம் பெற்றார். சமண காவியத்தைச் சைவர் காசு கொடுத்து அச்சேற்றிய அந்த ஏற்பாடு, இன்றைய இயந்திரத்துக்கு மிகப் பொருந்தும். கும்மிடிப்பூண்டியில் இருபது பேர், பொன்னேரியில் இருபது பேர், மீஞ்சூரில் பத்துப் பேர். படிப்பகங்களும் தொழிற்சங்கக் கிளைகளும் அங்கே இல்லாமலா போயின? ஐம்பது கையொப்பம் சேர்ந்தால் ஐம்பது படி அடித்துத் தர அச்சுப்பொறி காத்திருக்கிறது. பணத்தை முன்னதாகக் கட்டிவிட்டால், அந்த இளைஞன் கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியதில்லை. ஐம்பத்தொன்றாவது படியைக் கிளை நூலகத்தில் வைக்கச் சொல்லி மனுவும் கொடுக்கலாம்.