இடமறிந்து வைத்தல்

'ளுல்ம்' என்னும் அரபுச் சொல்லை அநீதி என்று நாம் பெயர்த்து வழங்குகிறோம். மொழிநூல் வல்லார் தரும் விளக்கம் இன்னும் நுட்பமானது: ஒரு பொருளை அதற்குரியதல்லாத இடத்தில் வைப்பதே ளுல்ம். வைக்கப்படும் பொருள் நல்லதாகவே இருக்கலாம். இடம் பிழைத்தால் நன்மையும் தீமையாய் முடியும்.

இன்றைய பயிரியல் இதற்கொரு சான்று தருகிறது. வைட்டமின் ஏ குறைவால் பார்வை இழக்கும் குழந்தைகளுக்காக அறிஞர் உருவாக்கியதே பொன்னரிசி. அதற்கான மரபணுக்களை மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றின் வழியே நெல்லுள் செலுத்தினர்; அவை எங்கே சென்று அமரும் என்பது அவர்தம் கையில் இல்லை. அவ்வகை நெல் ஒன்றின் பண்பை இந்திய அறிஞர் சுவர்ணா நெல்லுக்கு ஏற்றியபோது இலை வெளிறிற்று, கதிர் சிறுத்தது, விளைச்சல் குன்றிற்று. வந்த மரபணு, பயிரின் வளர்ச்சிக்கு இன்றியமையாத வேறொரு மரபணுவினுள் நுழைந்து அதைச் சிதைத்திருந்ததை 2017-இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டிற்று.

2012-இல் அறிவிக்கப்பட்ட 'கிரிஸ்பர்' முறை இக்குறையைத் தீர்க்க வழி திறந்தது. வழிகாட்டி ஆர்.என்.ஏ. குறித்த இடத்தைக் கண்டறிய, நொதி அங்கே மரபிழையை வெட்டுகிறது. உயிரணு அவ்வெட்டைச் செப்பனிடுகையில் புதிய மரபணுவை இணைத்துக்கொள்ள இயலுகிறது. 2020-இல் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தின் டேவிஸ் வளாகத்தார், ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள் கொண்ட நெல்லின் மரபுத்தொகுதியில், 5,200 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைக் குறித்த இடத்தில் வைத்துக் காட்டினர். அதற்கு முன் அவர்கள் செய்ததே நம் சிந்தனைக்குரியது: மாற்றம் நேர்ந்தும் பயிருக்கு ஊறு விளையாத இடங்கள் எவையெனத் தேடினர்.

ஆயின், துல்லியமே நீதியாகிவிடுமா? விதைக்கு மரபிழையில் மட்டுமன்று, மாந்தர் வாழ்விலும் ஓர் இடமுண்டு. அது எவர் உடைமை? உழவன் அதை மறுபோகத்திற்கு எடுத்து வைக்கலாமா? அயலான் வயலுக்கு அதனால் கேடுண்டா? இவற்றுக்கு நொதி விடை கூறாது. பிலிப்பைன்சில் 2021-இல் பயிரிட இசைவு பெற்ற பொன்னரிசியை, பாதுகாப்பு உறுதியாகவில்லை என்று 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திற்று.

தடுத்தல் மட்டுமே நீதி என்றும் நாம் கூறோம். நலம் தருவதென்று ஐயமறத் தெளிந்த ஒன்றைத் தேவையுள்ள குழந்தைக்கு எட்டாமல் வைப்பதும் இடம் பிழைத்தலே. ஊறு செய்யாத இடத்தை மரபிழையில் தேடிய அதே பொறுமையோடு, வயலிலும் சந்தையிலும் ஏழையின் உண்கலத்திலும் அவ்விடத்தைத் தேடுவதே அறிவுடையோர் மீதுள்ள கடமை.