மறந்தவன் உரிமை இழப்பானா?

மனிதனைக் குறிக்கும் ‘இன்ஸான்’ என்னும் அரபுச் சொல், மறதியைக் குறிக்கும் ‘நிஸ்யான்’ என்பதிலிருந்து பிறந்தது என்று கூறும் அறிஞர்கள் உண்டு. சொல்லாராய்ச்சி எவ்வாறாயினும், மனிதனையும் மறதியையும் பிரிக்க இயலாது என்பதில் ஐயமில்லை. சாவியை வைத்த இடத்தை மறந்தோம். கொடுத்த கடனை மறந்தோம். இன்று மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மறக்கிறோம். பெட்டிச் சாவி தொலைந்தால் பூட்டை உடைக்கலாம். பெட்டி நம்முடையது என்பதற்கு வீட்டாரும் அண்டை வீட்டாரும் சாட்சி. இணையக் கணக்கின் வாசலிலோ நமக்காகப் பேச எவருமில்லை. ‘நீர் நீர்தான் என்பதற்கு ஆதாரம் என்ன?’ என்ற கேள்வி மட்டுமே நம்மை எதிர்கொள்கிறது. அப்படியானால், மறந்துவிட்டவன் தன் உரிமையையும் இழந்துவிட்டானா?

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், மனித அறிவு குறித்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் (1694), நேற்று இருந்தவனும் இன்று இருப்பவனும் ஒரே ஆள் என்பதை நிலைநாட்டுவது அவனது உணர்வே என்றார். அந்த உணர்வு நினைவின் வழியாகப் பின்னோக்கி எட்டும் தொலைவு வரை அவன் அவனே என்பது அவர் கொள்கை. இதனை ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர் தாமஸ் ரீட் 1785இல் ஓர் எடுத்துக்காட்டால் மறுத்தார். பழத்தோட்டத்தில் திருடி அடிபட்ட சிறுவன் வளர்ந்து இளம் படை அதிகாரியாகிப் பகைவரின் கொடியைக் கைப்பற்றுகிறான், பின்னர்த் தளபதியாகிறான். கொடியைப் பிடித்த நாளில் அவனுக்கு அடிபட்டது நினைவிருந்தது. தளபதியான பின் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக்கின் கொள்கைப்படி தளபதியே அதிகாரி, அதிகாரியே சிறுவன், ஆனால் தளபதி அச்சிறுவன் அல்லன்! இதனை அறிவு ஏற்குமா? நினைவு நம்மை நமக்குக் காட்டும் விளக்கு. விளக்கு அணைந்ததால் வீடு இல்லாமற் போய்விடாது. எனவே மறந்தவனும் உரியவனே.

அவ்வாறாயின், உரியவனைத் திருப்பி அனுப்பும் வாசற்காவல் அநீதியன்றோ? விரைந்து தீர்ப்புச் சொல்லும் முன், அக்காவல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிதல் வேண்டும். நம் கடவுச்சொல் நிறுவனத்தாரிடம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, சொல்லத்தான் மறுக்கிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்துக் கணினியில் அவ்வாறு எழுதித்தான் வைத்திருந்தனர். ஒருநாள் ஒரு பிழையால், உள்ளே நுழைந்த எல்லாருடைய கண்முன்னும் எல்லாருடைய கடவுச்சொற்களும் வந்து நின்றன. பின்னர் 1979இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்ஸன் ஆகிய இருவரும், சொல்லை அப்படியே வைக்காமல் கணித முறையால் உருமாற்றி வைக்கும் வழியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அரைத்த மாவிலிருந்து கோதுமை மணியை மீட்க முடியாதது போல, உருமாறியதிலிருந்து பழைய சொல்லை மீட்க இயலாது. ஒழுங்காக நடக்கும் நிறுவனத்துக்கு நம் கடவுச்சொல் தெரியவே தெரியாது. வந்தவர் உரியவர்தான் என்று தெளிந்தால், புதியதொன்றை அமைத்துக்கொள்ள இடம் தரலாம், அவ்வளவே.

அந்தத் தெளிவு எப்படிப் பிறக்கும்? கண்டெடுத்த பொருளைப் பற்றிய மார்க்கச் சட்டம் இங்கு நினைக்கத் தக்கது. பணப்பையைக் கண்டெடுத்தவர் அதன் பையையும் கட்டிய கயிற்றையும் அறிந்து வைத்து, ஓராண்டுக் காலம் அறிவிக்க வேண்டும் என்பது நபிமொழி. அடையாளத்தைச் சரியாகச் சொல்பவரிடம் கொடுத்தே ஆகவேண்டும் என்பது ஹன்பலீ அறிஞர்களின் முடிவு. உண்மையென்று மனம் நம்பினால் கொடுக்கலாம், ஆனால் சாட்சியமின்றிக் கட்டாயமில்லை என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ அறிஞர்களின் முடிவு. இவ்விரு சாராரின் கவலையும் ஒன்றே: வந்து நிற்பவர் மீது கொள்ளும் இரக்கம், இன்னும் வராத உரியவருக்குத் துரோகமாகிவிடக் கூடாது. வாசற்காவலின் கடுமை நமக்கு எதிரானதுபோல் தோன்றுகிறது. நம் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவர் வரும் நாளில் அதுவே நமக்கு அரண்.

எனினும் அடையாளக் கேள்விகள் பழுதற்றவை அல்ல. தாயின் பெயர் என்ன, பிடித்த உணவு எது என்று கேட்கும் முறையைக் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 2015இல் ஆராய்ந்தனர். ஆங்கிலம் பேசுவோரின் பிடித்த உணவை ஒரே ஊகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேரளவில் சரியாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கரில் நூற்றுக்கு 40 பேர் தம் விடையையே மறந்திருந்தனர். அந்நியனுக்குத் திறந்து, உரியவனுக்கு அடைத்த கதவு! நம் குடும்பங்களிலோ உம்மாவின் பெயரும் பிறந்த ஊரும் ஓதிய மதரஸாவும் தெரு முழுவதும் அறிந்தவை. அதனால் இன்று கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணே பெரிதும் நம்பப்படுகிறது. அதுவும் நிலையானதன்று. நம் நாட்டில் கைவிடப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். வளைகுடாவில் உழைத்துத் திரும்புவோர் பலர் அங்கே விட்டுவந்த எண்ணோடு கணக்கின் வாசலையும் விட்டு வருகின்றனர். 2023 டிசம்பர் முதல், ஈராண்டு பயன்படுத்தாத கணக்குகளைக் கூகுள் நீக்கத் தொடங்கியது. மறதிக்கும் தவணை வந்துவிட்டது.

இங்கேதான் குடும்பத்தின் கடமை எழுகிறது. முதிய வாப்பாவுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கும் மகன், பெரும்பாலும் தன் எண்ணையே பதிகிறான். அந்தக் கணமே சாவி அவன் கைக்கு வந்துவிடுகிறது. அது அமானிதம். திறக்க முடியும் என்பது படிக்கலாம் என்ற அனுமதி ஆகாது. வாப்பாவின் எண்ணையே முதலில் பதிந்து, தன் எண்ணைத் துணையாக வைப்பதும், மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி நிலப்பத்திரத்தோடு பெட்டியில் வைப்பதும், அதனை அவருக்குச் சொல்லி வைப்பதும் சிறு வேலைகள். அவை முதுமையில் ஒருவரின் கண்ணியத்தைக் காக்கும்.

மறந்தவன் உரிமையை இழப்பதில்லை. உரிமையை மெய்ப்பிக்கும் வழியையே இழக்கிறான். நினைவு தளரும் வயதில், ‘இவர் இவரே’ என்று எடுத்துச் சொல்ல எந்திரத்தால் ஆகாது. நம்மை அறிந்த மனிதர்களால்தான் ஆகும். நாளை நமக்காக அவ்வாறு சொல்பவர் வேண்டுமாயின், பிறர் நம்பி ஒப்படைத்த சாவியை இன்று நேர்மையோடு காப்போமாக.