அறிமுகச் சொல்லுக்கு இரண்டு வாசகர்கள்

2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘ஸ்பான்சர்டு ட்வீட்ஸ்’ என்றொரு சேவை தொடங்கியது. ட்விட்டரில் எழுதுபவர் அதில் கணக்குத் தொடங்கி, ஒரு பதிவுக்கு எவ்வளவு வேண்டும் என்று விலை குறித்து, தன்னைப் பற்றிய சில குறிச்சொற்களையும் நிரப்புவார். விளம்பரதாரர் அந்தச் சொற்களைத் தேடிப் பார்த்து, பொருத்தமானவருக்கு வாய்ப்பு அனுப்புவார். இப்போது இன்ஸ்டாகிராமே தன் ‘கிரியேட்டர் மார்க்கெட்பிளேஸ்’ வழியாக இதைச் செய்கிறது. 2024இல் அது இந்தியாவுக்கும் வந்தது. பெயர்களும் தளங்களும் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. தன்னை எந்தச் சொல்லால் அறிமுகம் செய்துகொள்கிறோமோ, அந்தச் சொல்லுக்குத்தான் காசு வருகிறது.

எனவே ‘எந்தச் சொல்லைப் போட்டால் பிராண்ட் டீல் வரும்?’ என்ற கேள்வி பிறந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கும் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. அந்தச் சொல்லைப் போடுவது சரியா என்று கேட்பவர்கள்தான் குறைவு.

பொய் எழுதினால் தவறு, உண்மை எழுதினால் சரி என்று இதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் இங்கே நடப்பதில் பெரும்பகுதி முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. மாடித்தோட்டம் போட்டு அதைப் படமெடுத்துப் பதிவிடும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளலாம். பக்கத்தின் அறிமுக வரியான பயோவில் ‘மாடித்தோட்டம்’ என்று இருக்கிறது. அதற்கு வரும் வாய்ப்புகள் விதைப் பொட்டலம், குரோபேக், மண்புழு உரம். விற்பவர்களும் சிறு வியாபாரிகள். பணத்துக்குப் பதில் பொருளையே அனுப்பிவைப்பார்கள். பூச்சிமருந்து அடிக்காமல்தானே வளர்க்கிறோம் என்று ‘ஆர்கானிக்’ சேர்கிறது. வீட்டுக் கீரை சாப்பிட்டு உடம்பு நன்றாக இருக்கிறது. ‘ஹெல்தி லைஃப்ஸ்டைல்’ சேர்கிறது. தொட்டியில் துளசியும் தூதுவளையும் இருக்கின்றன. ‘இயற்கை மருத்துவம்’ வந்து உட்காருகிறது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதையும் பொய் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடைசிச் சொல் வந்த பிறகு டிஎம்மில் வருவது மண்புழு உரம் அல்ல. முடி வளர எண்ணெய், மூட்டுவலித் தைலம், சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்லப்படும் கஷாயப்பொடி. மண்ணைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு நிறையத் தெரியும். கணையத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. செடி பார்க்க வந்தவர்களோ அவர் சொன்னால் நம்புகிறவர்கள். கத்தரிச்செடியில் வெள்ளை ஈ வந்தபோது வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கச் சொன்னார், பலித்தது. அந்த நம்பிக்கைதான் இப்போது கஷாயப்பொடிக்கு இடம் மாற்றப்படுகிறது.

ஓர் அறிமுகச் சொல்லை இரண்டு பேர் படிக்கிறார்கள். விளம்பரதாரருக்கு அது விலைப்பட்டியல். பின்தொடர்பவருக்கு அது உறுதிமொழி. ‘அம்மா’, ‘சமையல்’, ‘முதலீடு’, ‘சர்க்கரையோடு வாழ்பவர்’ என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்ப்பவர், இவருக்கு இது பட்டுத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார். முதல் வாசகருக்காகச் சொல்லைத் தேர்ந்துவிட்டு, இரண்டாமவர் அதைப் பழையபடியே நம்பட்டும் என்று விட்டுவிடுவதில்தான் குற்றம் இருக்கிறது. காசு வாங்குவதில் இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கடைக்காரர் பெயர்ப்பலகை வைக்கிறார். அதில் எந்தச் சரக்கு விலைபோகுமோ அதைத்தான் பெரிதாக எழுதுகிறார். அதைத் தவறென்று யாரும் சொல்வதில்லை. வீட்டிலிருந்தபடி கைபேசி ஒன்றை வைத்துச் சம்பாதிக்கும் பெண்ணிடமும் வேலை கிடைக்காத பட்டதாரியிடமும் மட்டும் ஏன் இந்தக் கறார்? கோடிகளில் சம்பளம் வாங்கும் நடிகர், தாம் குடிக்காத பானத்தை விளம்பரத்தில் குடித்துக் காட்டுகிறாரே? நியாயமான கேள்வி. இதைத் தள்ளிவிட்டு அறம் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்காகிவிடும்.

ஆனாலும் பெயர்ப்பலகையைப் பார்ப்பவருக்கு அது கடை என்று தெரியும். நடிகர் விளம்பரத்தில் நடிக்கிறார் என்பதும் தெரியும். சின்னக் கணக்குகளைப் பிராண்டுகள் ஏன் தேடி வருகின்றன? பத்தாயிரம் பேர் பின்தொடரும் அக்கா சொன்னால், அது அடுத்த வீட்டுக்காரி சொன்னதுபோல் கேட்கிறது, அதனால்தான். விற்பவராகத் தெரியாததுதான் அந்த அக்காவின் சந்தை மதிப்பு. அப்படித் தெரியாமல் இருப்பதையே விலைக்கு வைக்கும்போது பெயர்ப்பலகை நியாயம் உதவாது. வறுமை ஒருவரின் தவறைச் சிறிதாக்கலாம். மறுமுனையில் கஷாயப்பொடி வாங்கி, மாத்திரையை நிறுத்திவிடும் கூலித்தொழிலாளியும் வறியவர்தான்.

எல்லாச் சொல்லும் ஒரே எடையில் இல்லை. ‘பயணம்’ என்று போட்டுக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொடைக்கானல் போய்வருபவரால் பெரிய கேடில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். கேடு விளைவிப்பவை உடம்பையும் குழந்தையையும் பணத்தையும் பற்றிய சொற்கள்.

‘புதிய தாய்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை பெற்றவர் அப்படி எழுதுவது முழு உண்மை. ஆனால் பால்மாவு விற்பவர்கள் காத்திருப்பதும் அதே சொல்லுக்குத்தான். இந்தியாவில் குழந்தைப் பால்மாவு, பால்புட்டி தொடர்பான சட்டம் 1992இல் வந்தது. 2003இல் திருத்தப்பட்டு இறுக்கமானது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான செயற்கை உணவுகளை எந்த வடிவத்திலும் விளம்பரப்படுத்த அது தடை விதிக்கிறது. தாய்ப்பால் கொடுக்கத் திணறிக்கொண்டிருக்கும் பெண்ணின் காதில் அந்த வாரத்தில் விழும் ஒரு சொல்லும் குழந்தையின் உணவை மாற்றிவிடக்கூடும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு. தொலைக்காட்சிக்குப் பூட்டு போட்டாகிவிட்டது. பயோவில் இருக்கும் ‘புதிய தாய்’ திறந்த ஜன்னல். இங்கே சொல் உண்மையாக இருப்பது தவறை நீக்கவில்லை. உண்மையாக இருப்பதால்தான் வலை சரியாக விழுகிறது.

நோய்ச் சொற்களும் அப்படியே. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் நீரிழிவையும் வைத்திருக்கிறது. எழுபது ஆண்டுப் பழைய சட்டம். இன்றும் கைபேசியைத் திறந்தால் கஷாயம் கொதிக்கிறது.

பணத்துக்கு வந்தால், 2023 அக்டோபரில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ‘பாப் ஆஃப் சார்ட்’, அதாவது வரைபடங்களுக்கெல்லாம் அப்பன், என்று தன்னை அழைத்துக்கொண்டு பங்குச்சந்தை வகுப்பு நடத்தியவரின் சுமார் 17.2 கோடி ரூபாயை முடக்கச் சொன்னது அந்த ஆணை. அவர் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு பெற்றவரல்ல. அங்கே வந்தது விளம்பரப் பணமல்ல, வகுப்புக் கட்டணம். ஆனால் தன்னைத் தானே நிபுணர் என்று பெயரிட்டுக்கொண்ட சொல்தான் கூட்டத்தைத் திரட்டியது.

சட்டமும் விதிகளும் தூங்கவில்லை. 2021இல் இந்திய விளம்பரத் தர மன்றம், காசு வாங்கிய பதிவில் அதைத் தெரியும்படி குறிக்க வேண்டும் என்றது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையும் அதையே எளிய மொழியில் சொன்னது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. இலவசமாக வந்த பொருள்களையும் வருமான வரித்துறை விடவில்லை. ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2022 ஜூலையிலிருந்து வரிப் பிடித்தம் உண்டு. பரிசென்று சொல்லிக்கொண்டவற்றைக் கூலி என்று பின்தொடர்பவர்களுக்கு முன்பே அந்தத் துறை கண்டுகொண்டது.

ஆனால் இவை பெரும்பாலும் பதிவைப் பார்க்கின்றன, பயோவைப் பார்ப்பதில்லை. ‘விளம்பரம்’ என்ற சிறு எழுத்து ஒரு காணொளியின் மூலையில் நிற்கும். அதை நம்பும்படி செய்த ‘இயற்கை மருத்துவம்’ மேலே, எந்தக் குறிப்பும் இல்லாமல், ஆண்டு முழுவதும் நிற்கும். மருத்துவம், நிதி பற்றிப் பேசுபவர் தன் தகுதியைச் சொல்ல வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தர மன்றம் சேர்த்த விதி மட்டும் ஓரளவு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கிறது. மீதியைச் சட்டத்தால் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. யார் தன்னை என்னவென்று அழைத்துக்கொள்ளலாம் என்பதை அரசு முடிவு செய்யத் தொடங்கினால் அது வேறொரு கேடு.

ஆகவே பொறுப்பு எழுதுபவரிடமே திரும்புகிறது. வருமானத்துக்காக ஒரு சொல்லைத் தேர்வதில் தவறில்லை. சமையல் தெரிந்தவர் ‘சமையல்’ என்று போட்டு மிக்ஸி விளம்பரம் வாங்கட்டும். அது உழைப்புக்குக் கூலி. அந்தச் சொல்லைப் பற்றிப் பின்தொடர்பவர் ஒரு கேள்வி கேட்டால், விளம்பரதாரர் உதவியின்றிப் பதில் சொல்ல முடியுமா என்பதே அளவுகோல். முடியாதென்றால் அந்தச் சொல் அவருடையதல்ல. எத்தனை டீல் வந்தாலும் அதைப் போடுவது தவறுதான். முடிந்தாலும், நோய், கர்ப்பம், குழந்தையின் வயது ஆகியவற்றை விளம்பரதாரர் தேடும் பெட்டியில் நிரப்பக்கூடாது. அவை பேசுவதற்கான விஷயங்கள். விலைக்கு வைப்பதற்கானவை அல்ல.

பக்கம் வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயோவில் இருக்கும் சொற்களுக்குக் கீழே, கட்டண விளம்பரங்கள் ஏற்கப்படும் என்றும், எந்தெந்தப் பொருளுக்கு ஏற்கப்படாது என்றும் தமிழில் ஒரு வரி சேருங்கள். அதனால் சில வாய்ப்புகள் நிச்சயம் குறையும். அதைத் தெரிந்தே சேருங்கள்.